இரண்டாவது நாற்காலி

விடியற்காலை நாலேகால் மணி. ஊருக்கு வெளியே சுற்றிப் போகும் புறவழிச் சாலை. விளக்குக் கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன, ஒன்றிலும் விளக்கு எரியவில்லை. முன்னால் வண்டி இல்லை, பின்னாலும் இல்லை. ஒரே ஒரு கார்... அதில் ஒரே ஒரு ஆள்.

அந்த ஆள் என் தோழியின் பெரியப்பா. வயிற்றுப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்வதில் பெரிய கை. பட்டுக்கை டாக்டர் என்றால்தான் தெரியும். இந்தக் கதையில் பாதி அவரே என் தோழியிடம் சொன்னது. மீதி, ஆபரேஷன் தியேட்டரில் அவருடன் நின்ற நர்ஸ் சொன்னது. நானாக எதுவும் சேர்க்கவில்லை. எனக்கு அவ்வளவு கற்பனை கிடையாது. போர்வையை ஆளுக்குக் கொஞ்சம் இழுத்துக்கொள்ளுங்கள். நடுவில் தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் இப்போதே போய்விட்டு வாருங்கள். அப்புறம் துணைக்கு ஆள் கேட்கக் கூடாது.

அன்றைக்கு டாக்டரின் தூக்கத்தைக் கலைத்தது வயிற்று வலி. மேல் வயிறு. சில வாரங்களாகவே இருந்தது. வாய்வு என்று சொல்லிக்கொண்டார். ஊரார் வயிற்றையெல்லாம் சலித்துப் பார்க்கிறவருக்குத் தன் வயிறு என்று வந்தால் வாய்வு. படுத்துப் புரள்வதைவிட ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம் என்று கிளம்பியிருந்தார்.

பாலத்துக்கு ஏறும் வளைவில்... கார் வெளிச்சத்தில் ஒரு பெண்.

சாலையோரம் நின்றாள். கையில் பை இல்லை. வண்டியை நிறுத்தச் சொல்லிக் கை காட்டவும் இல்லை. கழுத்தில் மஞ்சளாக ஒரு டேப், தையல்காரர்கள் அளவெடுப்பது. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, இந்தத் துணியில் எவ்வளவு தேறும் என்று கணக்குப் போடுகிற மாதிரி, வருகிற காரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேகத்தைக் கூட்டத்தான் நினைத்தார். கால் பிரேக்கில் போய் உட்கார்ந்தது. கார் சரியாக அவள் பக்கத்தில் நின்றது. அவள் குனிந்தாள். டேப்பை உருவி, அதன் தகர முனையைக் கண்ணாடிமேல் வைத்தாள். டிக். மெதுவாகக் கீழே இழுத்தாள். டிக். அவருடைய நெஞ்சுக் குழியிலிருந்து தொப்புள் வரைக்கும்... அளந்தது கண்ணாடிக்கு வெளியே. தோலில் சில்லென்று இழுபட்டது. காருக்குள் தையல் மிஷின் எண்ணெய் வாசனை. ஈரத் துணியில் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்தால் ஒரு வாசனை வருமே, அதுவும்.

அவளை அவருக்கு நன்றாகத் தெரியும். அவளுடைய இரைப்பையை வெளியே எடுத்ததே அவர்தான். அவள் செத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

எப்படி ஓட்டிக்கொண்டு வந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் உடை மாற்றச் சட்டையைக் கழற்றினார். மேல் வயிற்றில் நீலமாக ஒரு கோடு. வெட்ட வேண்டிய இடத்தில் தையல்காரர்கள் போடுகிற சாக்பீஸ் கோடு. சோப்புப் போட்டுத் தேய்த்தார். தோல் சிவந்ததே தவிர, கோடு போகவில்லை.

இனி, அவள் யார் என்று சொல்கிறேன்.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே தையல் கடை வைத்திருந்தாள். கூட ஒரே மகள். வயிற்றில் கட்டி என்று தெரிந்ததும் தாயும் மகளுமாக இந்த டாக்டரிடம்தான் வந்தார்கள். நேரத்தோடு வந்துவிட்டீர்கள், ரோபோ வைத்து எடுத்துவிடலாம், பிழைத்துக்கொள்ளலாம் என்றார். ரோபோ என்றதும் மனிதன் மாதிரி நடந்து வரும் என்று நினைக்காதீர்கள். நாலு இரும்புக் கை உள்ள மிஷின். அதன் முனைகள் சின்னச் சின்னத் துளைகள் வழியே வயிற்றுக்குள் போகும். டாக்டர் தள்ளி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, எதிரே உள்ள பெட்டிக்குள் முகத்தைப் புதைத்து, விரல்களை வளையத்தில் மாட்டிக்கொள்வார். இங்கே விரல் அசைந்தால் அங்கே ஊசி அசையும். முகத்தை எடுத்தால் மிஷின் அப்படியே நின்றுவிடும்.

அம்மாளுக்கு ஒரே ஒரு சந்தேகம்.

"அந்த நாற்காலில யாரு உக்காருவாங்க டாக்டர்?"

"நான்தான்மா."

"தைக்கிறதும் நீங்கதானே? மிஷினா தைச்சுடாதே?"

"மிஷினுக்கு என்ன தெரியும்? நானேதான். என் கையாலயே தைக்கிறேன், போதுமா?"

"போதும். எங்கிட்ட துணி கொடுக்கிறவங்களுக்கு நானும் அதைத்தான் சொல்லுவேன். சொல்லிட்டு வேற ஆள்கிட்ட தள்ளிவிட்டா எனக்கு மனசு கேக்காது."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். அந்த வாக்கை நம்பித்தான் அவள் படுத்தாள்.

அந்தத் தியேட்டரில் இரண்டு நாற்காலி. முதல் நாற்காலி டாக்டருக்கு. இரண்டாவதில் இன்னொரு டாக்டர் உட்காரலாம். நடுவில் கை மாற்ற வேண்டுமானால் ஒரு வழக்கம் உண்டு. விடுகிறவர் "கொடுத்தேன்" என்பார். எடுக்கிறவர் "வாங்கினேன்" என்பார். இரண்டு வார்த்தையும் காதில் விழுந்த பிறகுதான் முதல் ஆள் எழ வேண்டும். பெட்டிக்குள் முகத்தை வைத்துப் பேசுவதால் மைக்கும் ஸ்பீக்கரும் இருக்கும். அறை முழுக்கக் கேட்கும். வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி, டாக்டருக்கு எந்த நாற்காலியிலிருந்து எழுந்தாலும் வாய் தானாக அதைச் சொல்லிவிடும். வீட்டில் சாப்பிட்டு எழும்போதுகூட "கொடுத்தேன்" என்பார். அவர் மனைவி தலையில் அடித்துக்கொண்டு "வாங்கினேன்" என்று தட்டை எடுத்துக்கொண்டு போவார்.

அந்த மனைவிக்கு ஒரு தம்பி. அவனும் டாக்டர்தான், ஆனால் புதுசு. ரப்பர் குழாயில் தைத்துப் பழகியதோடு சரி. என் தம்பிக்கும் ஒரு வழி காட்டுங்கள் என்று அக்காக்காரி ராத்திரி பகலாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். எனவே அன்றைக்கு இரண்டாவது நாற்காலியில் மச்சினன்.

கட்டியோடு இரைப்பையை டாக்டர்தான் எடுத்தார். சுத்தமான வேலை, அதை நான் மறுக்கவில்லை. மிச்சம் இருந்தது இணைப்பு. உணவுக்குழாயின் முனையைச் சிறுகுடலோடு சேர்த்துத் தைக்க வேண்டும். இந்த ஆபரேஷனில் உயிர் இருக்கிற இடமே அதுதான். தையல் விட்டுப்போனால் ஆள் பிழைப்பது கஷ்டம்.

"மச்சான், கொடுத்தேன்."

"வாங்கினேன் அத்தான்."

எழுந்தார். பக்கத்து அறைக்குப் போனார். டீ வந்தது. சர்க்கரை போதவில்லை என்று திருப்பி அனுப்பினார். புது வீட்டுக் குளியலறைக்கு எந்த நிறத்தில் டைல்ஸ் போடுவது என்று போனில் பேசிக்கொண்டிருந்தார். அதே நேரம் உள்ளே மச்சினன் நூலை இழுத்தான். அந்த மிஷினில் இழுப்பு விரலுக்குத் தெரியாது, கண்ணால் பார்த்துத்தான் நிறுத்த வேண்டும். அவன் பார்க்கவில்லை. சதை லேசாகக் கிழிந்தது. நர்ஸ் திரையைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "பரவாயில்ல" என்று அதன்மேல் இரண்டு தையல் போட்டு மூடினான். டாக்டர் திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது என்றான்.

அந்த வாரம் முடிவதற்குள் அவள் செத்துப்போனாள். தையல் விட்டு, கசிந்து, உள்ளே எல்லாம் விஷமாகி... கடைசி இரண்டு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் போட்ட சத்தத்தைப் பற்றி மட்டும் நர்ஸ் பேசவே மாட்டாள்.

மகள் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"நீங்கதானே தைச்சீங்க டாக்டர்?"

"ஆமாம்மா. நானேதான் தைச்சேன். அம்மா உடம்புல சத்து இல்ல. தையல் பிடிக்கல."

பாருங்கள்... கொன்றதும் இல்லாமல் பழியைச் செத்தவள் உடம்பின்மேலேயே போட்டார். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு எரிகிறது. அவளுக்கு எப்படி எரிந்திருக்கும்?

சில நாள் கழித்து வேறொரு நோயாளி. அதே வியாதி, அதே தியேட்டர், அதே மச்சினன். இரைப்பையை எடுத்தாயிற்று. இணைப்புக்கு வந்தாயிற்று.

"மச்சான், கொடுத்தேன்."

"வாங்கினேன்."

ஸ்பீக்கரில் வந்தது பெண் குரல். அடித்தொண்டையில், அவசரமே இல்லாமல்...

டாக்டர் முகத்தை எடுத்துப் பார்த்தார். மச்சினன் இன்னும் நாற்காலியில் உட்காரவே இல்லை. சுவரோரம் நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். இரண்டாவது நாற்காலி காலி. ஆனால் அதன் பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. முகம் வைத்தால் மட்டுமே எரிகிற விளக்கு. நோயாளியின் மேலே இரும்புக் கைகள் அசையத் தொடங்கின.

யாராலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. திரையில் ஊசி போனது, வந்தது. சின்னச் சின்னத் தையல், ஒன்றுக்கொன்று அச்சு எடுத்த மாதிரி. அப்படி ஒரு வேலையை நர்ஸ் தன் பணிக்காலத்தில் பார்த்ததில்லை. முடிந்ததும் விளக்கு அணைந்தது. மிஷின் எண்ணெய் வாசனை மட்டும் கொஞ்ச நேரம் நின்றது.

அந்த நோயாளி ஜம்மென்று எழுந்து நடந்தார். மச்சினன் அன்றைக்கே கத்தியைக் கீழே வைத்தவன்தான். இப்போது எங்கேயோ கண்காணாத தூரத்தில் இருக்கிறான். சட்டையில் ஒரு பட்டன் அறுந்தால்கூடத் தைக்க மாட்டானாம், சட்டையையே தூக்கிப் போட்டுவிடுவானாம்.

சரி, டாக்டராவது பயந்திருக்க வேண்டுமா இல்லையா? முதல் வாரம் பயந்தார். அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? வேண்டுமென்றே "கொடுத்தேன்" என்று சொல்ல ஆரம்பித்தார். ஒவ்வொரு ஆபரேஷனிலும் இணைப்பு வரை அவர். இணைப்பு வந்ததும் காலி நாற்காலியைப் பார்த்து ஒரு வார்த்தை. குரல் வாங்கிக்கொள்ளும். ஒரு தையல்கூட விடவில்லை. ஒரு நோயாளிகூடச் சாகவில்லை. பட்டுக்கை, பட்டுக்கை என்று பேர் ஊரெல்லாம் பரவியது. மேடை, மாலை, பாராட்டு. செத்தவளிடமும் வேலை வாங்கி, அதிலும் பேர் வாங்கியவரை என்னவென்று சொல்வது?

வெளியே மூச்சு விடக் கூடாது என்று தியேட்டரில் எல்லோருக்கும் உத்தரவு. ஒருநாள் நர்ஸ் மட்டும் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டாள்.

"அவங்க எதுக்கு சார் வந்து வந்து தைச்சுக் கொடுக்கறாங்க? உங்க மேல அவங்களுக்கு என்ன பிரியம்?"

"ஆத்மா சாந்தியடையலம்மா. நல்லது பண்ணிட்டுப் போறாங்க."

"எனக்கு அப்படித் தோணல சார். கை பழகிக்கிறாங்க."

அவர் அவளை முறைத்துவிட்டுப் போனார். அதற்கு அடுத்த வாரம்தான் வயிற்று வலி ஆரம்பித்தது. பிறகு அந்தச் சாலை, அந்த டேப், அந்த நீலக் கோடு.

வாய் வழியே கேமராக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில், கோட்டுக்கு நேர் உள்ளே, கட்டி. புற்றுநோய்தான். நேரத்தோடு கண்டுபிடித்துவிட்டீர்கள், எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்றார்கள். மற்றவர்களுக்கு அவர் சொன்ன அதே ஆறுதல்.

அப்போதுதான் உண்மையான பயம் வந்தது. இணைப்பு இல்லாமல் ஆபரேஷன் இல்லை. இணைப்பு என்றால்... அவள். உயிர் வேண்டுமானால் போய் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று அவருக்கே தோன்றியது. நேராகத் தையல் கடைக்குப் போனார். மகள் தைத்துக்கொண்டிருந்தாள். தைக்கக் கொடுத்த துணியை வாங்க வந்த இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் இன்னொரு மிஷின், துணி போட்டு மூடியிருந்தது.

"அம்மா விஷயமா பேச வந்தேன்... அந்தத் தையல்..."

மகள் மிஷினை நிறுத்தினாள். "சொல்லுங்க. நீங்கதானே தைச்சீங்க?"

பெஞ்சில் இருந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "பட்டுக்கை டாக்டர்டி, எங்க மாமாவுக்கு இவர்தான் பண்ணாரு" என்று கிசுகிசுத்தாள். இரண்டு பேரும் மரியாதையாக எழுந்து நின்றார்கள். அந்த மரியாதை... அது அவர் வாயைக் கட்டிப்போட்டது.

"ஆமாம்மா. நான்தான். என் கைதான்."

மூலையில் மூடியிருந்த மிஷினின் மிதி ஒருமுறை கடக்கென்று ஆடி நின்றது. மகள் திரும்பிப் பார்க்கவில்லை. டாக்டர் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வெளியேறினார்.

அதன் பிறகு அவர் மூளையை ஓட்டினார். வேறு ஊர். வேறு ஆஸ்பத்திரி. அங்கே இருந்த மிஷினுக்கு ஒரே ஒரு நாற்காலி. நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தார். கூடப் படித்த நண்பர்தான் அங்கே சர்ஜன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் டாக்டர் நண்பரின் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார்.

"நீயே தைக்கணும்டா. நடுவுல யாருக்கும் கொடுக்காத. அந்த வார்த்தையே உன் வாயில வரக் கூடாது."

"யாருக்குடா கொடுக்கப்போறேன், இங்க வேற நாற்காலியே இல்ல. பயப்படாத. என் கையாலயே தைக்கிறேன்."

தன் நர்ஸையும் கூடவே அழைத்துப் போயிருந்தார். இனிச் சொல்வது அவள் கண்ணால் பார்த்தது.

டாக்டரை மேசையில் படுக்க வைத்தார்கள். தலைக்கு மேலே நாலு இரும்புக் கையும் மடங்கி நின்றன. முதல்முறையாக அவற்றைக் கீழேயிருந்து பார்க்கிறார். நர்ஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். மயக்க மருந்து கொடுக்கிறவர், "ஏதாவது பேசிக்கிட்டே இருங்க சார்" என்றார். புது வீட்டைப் பற்றி என்னவோ சொன்னார். நாக்கு குழறியது. கண் செருகியது. விரல்கள் ஒவ்வொன்றாக நர்ஸின் கையிலிருந்து தளர்ந்தன. இத்தனை வருஷப் பழக்கம்... கை விடுகிற நேரத்தில் அந்த வாய் என்ன சொல்லும்?

"கொடுத்தேன்..."

நர்ஸ் அவர் வாயைப் பொத்தப் போனாள். சொல் முந்திக்கொண்டது.

ஸ்பீக்கர் கரகரத்தது.

"வாங்கினேன்."

டாக்டரின் கண் ஒரு நொடி முழுசாகத் திறந்தது. அவர் கேட்டுவிட்டார். கத்துவதற்கு மருந்து விடவில்லை. கண் திறந்தபடியே மயங்கிப் போனார். மிஷினின் திரையில், அதுவரை அங்கே யாரும் பார்த்திராத ஒரு வரி மின்னியது. இரண்டாவது நாற்காலி: தயார்.

நண்பர் அதை மிஷின் கோளாறு என்று நினைத்து ஆபரேஷனைத் தொடங்கினார். இணைப்பு வந்ததும் இரும்புக் கைகள் தாமாக அசைய, மிஷினை நிறுத்தப் பார்த்தார். நிற்கவில்லை. நாற்காலியை விட்டு எழப் பார்த்தார். வளையத்துக்குள் மாட்டிய விரல்களை எடுக்க முடியவில்லை. அவர் விரல்களை வேறு யாரோ பிடித்து, எழுத்துப் பழக்குகிற மாதிரி, நகர்த்திக்கொண்டிருந்தார்கள்.

இல்லை, டாக்டர் சாகவில்லை. அதுதான் விஷயம். அவள் அவரைக் கொல்லவில்லை. கட்டி துளி மிச்சமில்லாமல் வெளியே வந்தது. இணைப்பில் ஒரு சொட்டுக் கசிவில்லை. எல்லோரும் கை குலுக்கினார்கள். வீட்டுக்கு வந்தார். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டார். முதல் வாரம் ஒன்றும் இல்லை.

அப்புறம் ஒருநாள் விளக்கு வைக்கிற நேரம். தையல் கடைகள் நாள் வேலையை முடித்துத் துணியை மடிக்கிற நேரம். அவருக்கு நெஞ்சுக் குழிக்குக் கீழே ஒரு சுருக். உள்ளேயிருந்து நூலை யாரோ மெதுவாக உருவுகிறார்கள். ஒரு தையல் பிரிகிறது. சதை திறப்பது தெரிகிறது... வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் போட்ட சத்தத்துக்கு அக்கம்பக்கம் ஓடி வந்தது. பிறகு ஊசி. உள்ளே போகிறது, வெளியே வருகிறது, இழுக்கிறது. முடிச்சு விழுகிறது. வலி நின்றது.

மறுநாளும் அதே நேரம். அடுத்த தையல். அதற்கு மறுநாளும். வட்டமாகச் சுற்றி வந்து முதல் தையலுக்கே திரும்பி வருகிறாளாம். வலி மருந்து ஒன்றும் பிடிப்பதில்லை. மருந்து கொடுத்தால் அன்றைக்கு இன்னும் நிதானமாகத் தைக்கிறாள்.

தாங்க முடியாமல் ஒருநாள் கைத்தாங்கலாகத் தையல் கடைக்குப் போனார். அன்றைக்கும் பெஞ்சில் ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் தைக்கலம்மா. மச்சான்கிட்ட கொடுத்துட்டு டீ குடிக்கப் போயிட்டேன். உங்கிட்ட சொன்னதெல்லாம் பொய்."

"தெரியும்" என்றாள் மகள்.

"எப்படிம்மா தெரியும்?"

"அம்மா சொன்னாங்க."

அவர் அழுதுவிட்டார். "அதான் உண்மையைச் சொல்லிட்டேனே. என்னை விட்டுடச் சொல்லும்மா."

மகள் துணியைத் திருப்பிப் போட்டு ஊசிக்குக் கீழே வைத்தாள்.

"எடுத்த வேலையை அவங்க பாதியில விட மாட்டாங்க டாக்டர்."

இது நடந்து வருஷங்கள் ஆகிவிட்டன. அவர் இன்னும் இருக்கிறார். இந்நேரம் இன்றைய தையல் முடிந்து படுத்திருப்பார். போன மாதம் அந்த நண்பர் மறுபடி குழாய் விட்டுப் பார்த்தாராம். அவர் போட்டது கரைகிற நூல். சில மாதத்திலேயே உடம்போடு கரைந்து தடம் தெரியாமல் போய்விட வேண்டும். உள்ளே வட்டமாகத் தையல் அப்படியே இருந்தது. நூல் புத்தம் புதுசு. கேமராவைக் கடைசி முடிச்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். மிஷின் கத்தரி வெட்டினால் நூலின் நுனி நேராக இருக்கும். இது பிசிறு பிசிறாக, எச்சில் பட்டு நனைந்து... பல்லால் கடித்து அறுத்திருந்தது.